சீல் உடையாத மேகசின்

ஓக்: அப்ப என்ன, காட்டுப் பன்னி பாயறப்ப சிப்பாய் தக் சன்வூ வேடிக்கை பாத்துட்டு நின்னான்னு எழுதிருவீங்களா?

பியோ: முதல்ல கதவைச் சாத்து ஓக் சார்ஜென்ட். அடுப்புச் சூடெல்லாம் வெளிய போகுது.

ஓக்: எழுதிருவீங்களான்னு கேட்டேன்.

பியோ: வேடிக்கை பாத்தான்னு யார் சொன்னா? துப்பாக்கியில தோட்டா மேகசினை ஒழுங்கா மாட்டலன்னுதான் எழுதப் போறேன். ஆயுதக் கிடங்குக்கு நான் பொறுப்பு, என்னைக் கேட்டாங்க, சொல்றேன். பார்லி டீ ஊத்தவா?

ஓக்: டீயை நீங்களே குடிங்க சீனியர். ஒழுங்கா மாட்டலங்கிறதை எங்கேருந்து பாத்தீங்க? எல்லை வேலி ஓரமா ராத்திரிக் காவல்ல நீங்களா நின்னீங்க? இழுத்துப் போத்திட்டுப் படுத்திருந்தீங்க.

பியோ: ஏம்மா, வார்த்தையை அளந்து பேசு.

ஓக்: நின்னது தக்கும் கார்ப்பரல் மூனும். நாணல் புதரைக் கிழிச்சுக்கிட்டு வந்துது அந்தச் சனியன். தக் மேகசின் வாய்ல ஒட்டியிருந்த சீல் காகிதத்தைப் பிச்சான், மாட்டினான், சுட்டான். முதல் தோட்டா போச்சு. அடுத்த தடவை விசையை இழுத்தா 'டிக்'. அவ்வளவுதான். மறுபடி இழுத்துவிட்டு அழுத்தினான், மறுபடி 'டிக்'. அதுக்குள்ள பன்னி மூனோட தொடையைப் பிளந்துருச்சு. மேகசினை மாட்டலன்னா முதல் தோட்டா வானத்துலேருந்தா வந்து ஏறிச்சு?

பியோ: பாதி மாட்டினாலும் ஒண்ணு ஏறும். சுட்ட அதிர்வுல கழண்டுக்கும். நான் எத்தனையோ பாத்திருக்கேன்.

ஓக்: கழண்டு கீழ விழுந்துதா?

பியோ: விழல.

ஓக்: விழல. துப்பாக்கியிலயே கடிச்சுக்கிட்டு இருந்துது. விசாரணைக்கு வந்த பசங்க பட்டனை அழுத்தித்தான் எடுத்தாங்க, நானே பக்கத்துல நின்னேன். அது முழுசா மாட்டியிருந்த மேகசின். உள்ள இருந்த தோட்டா மேல வரல. அதுதான் நடந்துது.

பியோ: மெதுவாப் பேசு. வெளிய பசங்க பனி வாரிட்டு இருக்கானுங்க.

ஓக்: கேக்கட்டும். அவனுங்களும் இன்னைக்கு ராத்திரி இதே மேகசின் பெட்டியிலேருந்து எடுத்துட்டுத்தானே வேலிக்குப் போகப் போறானுங்க? நல்லாக் கேக்கட்டும்!

பியோ: கொஞ்சம் உக்காரு. மூன் எப்படி இருக்கான்?

ஓக்: நரம்பு போயிருச்சாம். கால் இருக்கும், ஆனா பழையபடி நடக்க முடியாதுன்னு சொல்றாங்க. அவங்க அம்மா பூசான்லேருந்து பூசணிக் கஞ்சி செஞ்சு எடுத்துட்டு சுன்சொன் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் பையன் கூட நின்ன பையன் ஏன் சுடலை?'ன்னு கேக்கறாங்க. என்ன சொல்ல? துப்பாக்கிக்கு வாய் இருந்துது, சோறு போடலன்னா சொல்ல?

பியோ: அய்யோ பாவம்...

ஓக்: பாவம் பாத்தது போதும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் விசாரணையை முடிக்க மேஜர் மெங் வர்றார். நீங்க 'மேகசின் நல்லா இருந்துது'ன்னு ஒரு கையெழுத்துப் போட்டா தக் நேரா காவலறைக்குப் போவான். அதோட விடுமா? ஆயுதத்தைக் கவனிக்காம கூட இருந்தவனைப் பன்னிக்குக் குடுத்தவன்னு பேரு. அவன் ஊரு ஒரு சின்னத் தீவு சீனியர். கடல் பாசி காய வைக்கிற ஊரு. படகுலேருந்து இறங்கறதுக்கு முன்னாடி இந்தப் பேரு கரைக்குப் போய்ச் சேந்துரும். அப்புறம் அவன் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அங்க இருப்பான்?

பியோ: அவனுக்காக இவ்வளவு கத்தறியே, அவன் வாயைத் திறந்தானா? ரெண்டு தடவை விசாரிச்சாச்சு. 'சுட்டேன், ஏறல, மன்னிச்சுக்கோங்க.' இதைத் தவிர ஒரு வார்த்தை வரல. தப்பு இல்லாதவன் ஏன் மன்னிப்புக் கேக்கறான்?

ஓக்: கண்ணு முன்னாடி மூன் ரத்த வெள்ளத்துல கிடந்தான். மன்னிப்புக் கேக்காம பாட்டா பாடுவான்?

பியோ: எனக்கென்னவோ...

ஓக்: உங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தப் பெட்டியைத் திறங்க.

பியோ: எந்தப் பெட்டி?

ஓக்: தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. அந்த மேகசின் வந்த பெட்டி. மிச்சம் உள்ள இருக்குல்ல?

பியோ: விசாரணை முடியற வரைக்கும் திறக்கக் கூடாது.

ஓக்: ராத்திரிக் காவலுக்கு மட்டும் திறக்கலாம், எனக்குத் திறக்கக் கூடாதா? சாவியைக் குடுங்க. குடுங்கங்கறேன்!

பியோ: ஏய், ஏய், இடுப்புலேருந்து உருவாதே! இரு, நானே திறக்கறேன். பத்தொம்பது வருஷத்துல எவனும் என் சாவியைத் தொட்டதில்ல... இந்தா. பாத்துக்கோ. எல்லாம் வரிசையா, வாய் மேல பாத்து நிக்குது. பளபளன்னு இருக்கா? ஒவ்வொண்ணு வாய்லயும் சீல் காகிதம், அது மேல என் கையெழுத்து. ஒண்ணாவது கிழிஞ்சிருக்கா? சொல்லு.

ஓக்: காகிதம் நல்லாத்தான் இருக்கு. காகிதமா சுடப் போகுது? ...இதோ. கட்டைவிரலை வச்சு அமுக்கறேன், பாருங்க. காகிதம் மெல்லிசு, தொய்வா ஒட்டியிருக்கு, கிழியாது. மேல் தோட்டா கீழ போகுது. விட்டேன். டக்குன்னு மேல வந்துருச்சு. நல்லது. அடுத்தது... இதுவும் வருது. அடுத்தது...

பியோ: பாத்தியா? வீணா...

ஓக்: இந்தாங்க. இதை நீங்க அமுக்குங்க.

பியோ: எதுக்கு?

ஓக்: அமுக்குங்க சீனியர்.

பியோ: சரி, அமுக்கியாச்சு...

ஓக்: என்ன ஆச்சு? ஏன் விரலை எடுத்துட்டு உத்து உத்துப் பாக்கறீங்க? கீழ போனது மேல வரலையா? ஓரமா சாஞ்சுக்கிட்டு உக்காந்துருச்சா?

பியோ: குளிரு. எண்ணெய் இறுகியிருக்கு. அடுப்புப் பக்கம் வச்சா சரியாயிரும்.

ஓக்: ஓ! பன்னிகிட்ட, 'கொஞ்சம் இரு, மேகசினைக் காய வச்சுட்டு வர்றேன்'னு சொல்லணுமா? உள்ள எதுக்கு எண்ணெய்? 'உள்ள எண்ணெய் விடாதே, தூசி பிடிச்சு சேறாயிரும். வாய் நிறையத் திணிக்காதே, ரெண்டு குறைச்சுப் போடு. போட்டதும் முதுகை உள்ளங்கையில தட்டி ஒழுங்கா உக்கார வை. காலி மேகசினைத் தரையில போட்டு உதைக்காதே, வாய் நெளிஞ்சா அதோட வாழ்க்கை முடிஞ்சுது.' இதெல்லாம் யார் வசனம்? புதுசா வர்ற ஒவ்வொரு பையன் காதுலயும் நீங்க கத்தறதுதானே?

பியோ: அமுக்கிப் பாக்கணும்னு உனக்கு யார் சொன்னா?

ஓக்: என்னது?

பியோ: சீலுக்கு மேலேயே அமுக்கிப் பாக்கறியே. இங்க யாரும் அப்படிப் பாக்கறதில்ல. கை மாத்தறப்ப காகிதம் கிழியலையான்னு மட்டும்தான் பாப்பானுங்க. உனக்கு எப்படித் தோணுச்சு?

ஓக்: தோணுச்சு. இப்ப அதுவா முக்கியம்? சீலைப் பிரிங்க.

பியோ: உனக்குப் பைத்தியமா? பிரிச்சா நான் பதில் சொல்லணும்.

ஓக்: பிரிக்கலன்னா மூனோட அம்மாவுக்குப் பதில் சொல்லுங்க. தள்ளுங்க, நானே பிரிக்கிறேன்.

பியோ: அடிப்பாவி! கிழிச்சே போட்டியா!

ஓக்: தோட்டாவைக் கொட்டிட்டேன், எடுத்து வைங்க. அடித்தகட்டைக் கழட்டறேன்... ம், வருது. ஐயே! இது என்ன கண்றாவி? கறுப்புக் களி. விரல்ல ஒட்டுது பாருங்க. ஸ்பிரிங்கை வேற... சீனியர், இந்த ஸ்பிரிங்கைப் பாருங்க.

பியோ: காட்டு.

ஓக்: முன்பக்கம் வரவேண்டியது பின்பக்கம் இருக்கு. எவனோ கழட்டித் துடைச்சுட்டுத் திருப்பி மாட்டியிருக்கான். இப்படி மாட்டினா மேல இருக்கிற, தோட்டாவைத் தூக்கிக் குடுக்கற பலகை மூக்கைக் குத்திக்கிட்டுத்தானே நிக்கும்? தோட்டா எப்படி ஏறும்? வாயைத் தடவிப் பாருங்க. ஒரு உதடு விரிஞ்சிருக்கு. இது நேத்து விரிஞ்சதில்ல. நெளிஞ்சதை யாரோ இடுக்கி வச்சு நிமித்தியிருக்காங்க, தழும்பு தெரியுது. இது நீங்க போன கோடையிலயே ஒதுக்கினதா இருக்கணும். ஒதுக்கறதுக்கு அடித்தகட்டுல சிவப்புப் பெயின்ட் பொட்டு வைப்பீங்கள்ல? பொட்டு வச்சதைக் கையில எடுத்தா கையை உடைப்பேன்னு சொல்வீங்களே! அந்தப் பொட்டு எங்க?

பியோ: ஏம்மா, டீ ஆறுது...

ஓக்: பொட்டு எங்கங்கறேன்!

பியோ: கத்தாதே.

ஓக்: கத்துவேன்! ஒருத்தன் கால் போச்சு, ஒருத்தன் வாழ்க்கை போகப் போகுது, நான் முணுமுணுக்கணுமா? இந்தத் தகட்டை எவ்வளவு அழகாத் தேச்சிருக்கீங்க! கண்ணாடி மாதிரி மூஞ்சி தெரியுது. பொட்டு எங்க போச்சு?

பியோ: ...பெயின்ட் தின்னர் போட்டுத் துடைச்சாச்சு.

ஓக்: என்ன?

பியோ: துடைச்சாச்சும்மா. கர்னல் இன்ஸ்பெக்ஷன் வந்தார்ல? அதுக்கு முன்னாடி.

ஓக்: கெட்டதுல வச்ச பொட்டையா?

பியோ: பின்ன என்ன பண்ணச் சொல்றே? பொட்டு வச்சது பெட்டியில இருந்தா, 'கெட்டதை எதுக்கு வச்சுக் கொஞ்சிட்டு இருக்கே'ன்னு கேப்பார். எடுத்து ஒளிச்சா எண்ணிக்கை குறையும், 'மேகசினைத் தொலைச்சுட்டியா'ன்னு கேப்பார். புதுசு கேட்டா மேல இருக்கறவன், 'இருக்கறதை வச்சு ஓட்டு'ம்பான். எண்ணிக்கை சரியா இருக்கணும், பளபளன்னு இருக்கணும், வரிசையா நிக்கணும். கர்னல் வந்தார், பாத்தார், 'பிரமாதம் பியோ'ன்னு முதுகுல தட்டிட்டுப் போனார். அதுல ஒண்ணையாவது கையில எடுத்துப் பாத்தாரா? இல்ல.

ஓக்: அதுக்கப்புறமாவது பிரிச்சு எடுத்திருக்கலாமே?

பியோ: எடுக்கலாம்னுதான் இருந்தேன். மறுநாளே நம்ம கம்பெனியை வேலிக்கு அனுப்பிட்டாங்க. ஒரே அவசரம். பசங்களைக் கூப்பிட்டு நிரப்பச் சொன்னேன். நிரப்பினதை ஒவ்வொண்ணா வாங்கிச் சீல் ஒட்டினேன்.

ஓக்: அமுக்கிப் பாக்காம.

பியோ: நேரமில்ல.

ஓக்: கையெழுத்துப் போட மட்டும் நேரம் இருந்துதா? ஒவ்வொண்ணுலயும் தலைப்பெழுத்து, சுழி, கீழ கோடு. கல்யாணப் பத்திரிகைக்குப் போடற மாதிரிப் போட்டிருக்கீங்க!

பியோ: போதும்மா...

ஓக்: போதாது! இந்தக் காகிதத்தை நம்பித்தான் ஒவ்வொருத்தனும் வாங்கினான். ஒருத்தன்கிட்டேருந்து அடுத்தவன், அவன்கிட்டேருந்து அதுக்கு அடுத்தவன். பனி பெஞ்சப்ப, மழை பெஞ்சப்ப, மாசக்கணக்கா கை மாறிட்டே இருந்துது. பிரிச்சா தண்டனைன்னு எவனும் பிரிக்கல. வெளிய பட்டு மாதிரிக் காகிதம், உள்ள சாக்கடை. நான் இத்தனை நாளா எங்கயாவது ஒரு பையன் கை தவறிச் சீலைக் கிழிச்சுருவானோன்னு பயந்துட்டு இருந்தேன் பாருங்க, என்னைச் செருப்பாலயே அடிச்சுக்கணும்.

பியோ: எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்.

ஓக்: எல்லாரும்னு சேத்துப் போத்தாதீங்க. மேஜர்கிட்ட இதை நீங்களே சொல்றீங்க. பொட்டைத் துடைச்சது, பாக்காமச் சீல் ஒட்டினது, எல்லாம். தக் மேல தப்பில்லன்னு சொல்றீங்க.

பியோ: அடுத்த வசந்தத்துல நான் ரிட்டயர்மென்ட்.

ஓக்: அதுக்கு?

பியோ: அதுக்கா? அதுக்கான்னு கேக்கறியா? பத்தொம்பது வருஷம் இந்த மலையில கிடந்திருக்கேன். என் பொண்ணு பள்ளிக்கூடத்துல 'உங்கப்பா யாரு'ன்னு வரையச் சொன்னா ஒரு பூட்டை வரைஞ்சுட்டு வந்தா. கடைசி நாள்ல, சிப்பாயோட காலைப் போக்கினவன்னு சொல்லித் துரத்தி விடுவாங்க. அது உனக்குப் பரவாயில்ல?

ஓக்: தக்கை அப்படிச் சொல்லித் துரத்தினா உங்களுக்குப் பரவாயில்லையா?

பியோ: அவன் சின்ன வயசு. எழுந்து நின்னுருவான்.

ஓக்: மூனுக்கும் அதே வயசுதான். அவன் எழுந்து நிக்கட்டும், பாக்கலாம்! வெக்கமா இல்ல உங்களுக்கு?

பியோ: வெக்கம் இருக்கு! ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல, போதுமா? ஆனா நான் மட்டும்தான் ஆளா? விதின்னு ஒண்ணு இருக்குல்ல? காவலுக்கு மேகசின் வாங்கறவன், அதுல கோளாறுன்னு தெரிஞ்சா வாங்கறப்பவே சொல்லணும். எத்தனை நாளா அவன் கையில அது வந்து போயிட்டு இருந்துது! ஒரு தடவையாவது யார்கிட்டயாவது சொன்னானா உன் தக்?

ஓக்: பேச்சை மாத்தாதீங்க.

பியோ: மாத்தல. அதைத்தான் நான் மேஜர்கிட்ட சொல்லப் போறேன். சிப்பாய் புகார் பண்ணல. புகார் இல்லன்னா மேகசின் நல்லது. விதிப்படி அவ்வளவுதான்.

ஓக்: புகார் பண்ணினா யார் கேக்கறா இங்க? சொல்லுங்க, யார் கேக்கறா?

பியோ: நீ கேட்டிருப்பே. பசங்க உன்கிட்டத்தானே எல்லாத்துக்கும் வருவானுங்க. சாக்ஸ் கிழிஞ்சா கூட உன்கிட்டத்தான். நீ கேக்காமலா இருந்திருப்பே?

ஓக்: ...விடுங்க.

பியோ: ஏம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? உக்காரு. சாப்பிட்டியா இல்லையா? ராம்யன் நூடுல்ஸ் கொதிக்க வைக்கவா?

ஓக்: எனக்கு ஒண்ணும் இறங்காது.

பியோ: கேளு... ஜீப் சத்தம்.

ஓக்: வந்துட்டார்.

பியோ: தோட்டாவை வாரு! அந்த மேகசினை இப்படிக் குடு... குடும்மா! ஓக், உன் காலைக்கூடப் பிடிக்கிறேன். நீ பொய் சொல்ல வேண்டாம். கேட்டா 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரே வார்த்தை. தக்குக்குக் கொஞ்ச நாள் காவலறை, அப்புறம் நான் எல்லார் கால்லயும் விழுந்து அவனை வெளிய கொண்டு வந்துர்றேன். என் பொண்ணு மேல சத்தியம்.

ஓக்: கையை எடுங்க. மேகசின் மேஜை மேலயே இருக்கட்டும்.

மெங்: என்ன இது, தரையெல்லாம் தோட்டா? என் ஜீப் வர்றதுக்குள்ள போரே நடந்து முடிஞ்சுதா?

பியோ: வணக்கம் சார். ஒண்ணுமில்ல சார், சோதனை பண்ணிட்டு இருந்தோம்.

மெங்: சோதனையா, மல்யுத்தமா? சீல் கிழிஞ்சு கிடக்கே. யார் கிழிச்சது?

ஓக்: நான் சார். இந்த மேகசினும் அந்த மேகசினும் ஒரே பெட்டி. ஸ்பிரிங் திருப்பி மாட்டியிருக்கு, உள்ள எண்ணெயும் தூசியும் அடைச்சிருக்கு, வாய் விரிஞ்சிருக்கு. ஒதுக்கி வச்சதைக் காவலுக்குக் குடுத்திருக்கோம். நீங்களே அமுக்கிப் பாருங்க சார்.

மெங்: ம்... பியோ, இது என்னய்யா? இதை வச்சுக் கொசு கூட அடிக்க முடியாதே.

பியோ: சார், இந்த ஒண்ணு அப்படி இருக்கலாம். தக்குக்குக் குடுத்தது நல்லதுதான் சார். இல்லன்னா அவன் சொல்லியிருப்பானே! அத்தனை நாள் அவன் கையில இருந்துது, யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. நீங்களே விசாரிச்சீங்க, உங்ககிட்டயும் சொல்லல.

மெங்: உண்மைதான். நானே கேட்டேன். 'இதுக்கு முன்னாடி மேகசின்ல ஏதாவது கோளாறு தெரிஞ்சுதா?'ன்னு. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பதில் இல்ல. எனக்கு அதுதான் இடிக்குது. தெரிஞ்சே சொல்லாம காவலுக்குப் போயிருந்தா, அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது.

பியோ: அதேதான் சார். அதேதான் நானும் சொல்றேன்.

மெங்: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஓக் சார்ஜென்ட், தக் உங்க பொறுப்புல இருக்கிற பையன். உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னானா?

பியோ: சொல்லியிருந்தா இவங்க உடனே என்கிட்ட வந்திருப்பாங்க சார், இவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா...

மெங்: நான் அவங்களைக் கேட்டேன்.

பியோ: ஓக்... வேண்டாம்மா...

ஓக்: சொன்னான் சார். அன்னைக்குக் காவலுக்குப் போறதுக்கு முன்னாடி என் முன்னால வந்து நின்னான். 'மேல் தோட்டாவை அமுக்கினா திரும்பி வர மாட்டேங்குது, தட்டினாத்தான் வருது, வேற ஒண்ணு குடுங்க சார்ஜென்ட்'னு கேட்டான். 'சீல் நல்லாத்தானே இருக்கு, சாக்கு சொல்லாமப் போய் நில்லுடா'ன்னு மூன் முன்னாடியே அவனைத் திட்டி அனுப்பினது நான்தான். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அந்தப் பையன் இன்னும் வாயைத் திறக்கல சார்.